கன்னத்தில் துணி படாமல்

எனக்கு வலது கன்னத்தில் ஒரு நோய் இருந்தது. பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. வீக்கம் கிடையாது, தழும்பு கிடையாது. மூக்குக்கும் காதுக்கும் நடுவில் ஓர் இடத்தில் ஏதாவது லேசாகப் பட்டால் போதும். முந்தானை ஓரமாக இருக்கலாம், காற்றில் பறந்து வந்த தலைமுடியாக இருக்கலாம். கரண்டு கம்பியைத் தொட்டதுபோல் தாடை முழுக்க ஒரு வெட்டு வெட்டும். சில நொடிகளில் போய்விடும். அடுத்தது எப்போது வரும் என்று காத்திருப்பதுதான் அதைவிடக் கஷ்டம்.

முதலில் பல் என்று நினைத்தோம். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியும் வலி போகவில்லை. பிறகு வேலூரில் ஒரு டாக்டர், இது பல் இல்லை, முகத்து நரம்பு என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை போட்டால் வலி பாதியாகக் குறையும், தலை கிறுகிறுக்கும். முகத்தின் அந்தப் பக்கத்தை நான் சரியாகக் கழுவியே பல நாள் ஆகியிருந்தது. ஊரில் யாரிடமும் இதை விளக்கவில்லை. பல்வலி என்றே சொல்லி வைத்திருந்தேன். பல்வலி என்றால் எல்லாருக்கும் புரியும், மேற்கொண்டு கேட்க மாட்டார்கள்.

எங்கள் ஊர் ஜவ்வாது மலையில் இருக்கிறது. ஊருக்கு வெளியே எங்கள் கொல்லையில் என் கணவர் சாமை விதைப்பார், அங்கே புளியமரங்களும் உண்டு. நான் வீட்டில் தையல் மெஷின் வைத்து ஜாக்கெட், பள்ளிக்கூடத்துச் சட்டை, பாவாடை தைத்துக்கொண்டிருந்தேன். கொரோனா வந்து எல்லாம் மூடியபோது, மகளிர் குழுக்கள் மாஸ்க் தைக்க வேண்டும் என்று ஊராட்சியிலிருந்து சொன்னார்கள். எங்கள் குழுவில் மெஷின் வைத்திருந்தவள் நான் ஒருத்திதான். துணி மூட்டையாக வந்து இறங்கியது. வெட்டினேன், மடித்தேன், தைத்தேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை அதே மூன்று மடிப்பு, அதே இரண்டு பட்டை.

முதல் மாஸ்க்கை என் கணவர் போட்டுப் பார்த்தார். அடுத்ததை நான் போட்டுப் பார்த்தேன். ஒரு காதில் மாட்டி மறு காதுக்கு இழுப்பதற்குள் வெட்டியது. மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் பொறுத்து, துணியைத் தளர்த்தி மறுபடி மாட்டினேன். வாயைத் திறந்து மூச்சு விட்டபோது துணி அசைந்தது. அந்த அசைவுக்கே வெட்டியது. கழற்றி மற்ற மாஸ்க்குகளோடு போட மனமில்லாமல் தனியாக வைத்தேன். அதற்குப் பிறகு முயற்சி செய்யவில்லை. மலையில் அது பெரிய விஷயமாகவும் இல்லை. எங்கள் ஊரில் அப்போது யாரும் மாஸ்க் போட்டுத் திரியவில்லை.

எலாஸ்டிக் தீர்ந்துபோனதுதான் என்னைக் கீழே இறக்கியது. முதலில் என் கணவர் மலையடிவாரத்தில் இருக்கும் ஒடுகத்தூருக்குப் போய் வாங்கி வந்தார். பாவாடைக்குப் போடுகிற அகல எலாஸ்டிக். அதைக் காதில் மாட்டினால் காது மடங்கிவிடும். அடுத்த தடவை வாங்கியது இழுத்தால் திரும்பச் சுருங்கவில்லை. "நீயே வந்து பாத்து வாங்கிக்கமே, எனக்கு இந்த வேல ஆவாது" என்றார்.

பஸ் ஓடவில்லை. அவருடைய வண்டியில் போனோம். பெண்கள் உட்காருவதுபோல் ஒருபக்கமாக உட்கார்ந்தால் எதிர்க்காற்று நேராக வலது கன்னத்தில் அடிக்கும். அதனால் ஆண்களைப்போல் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்து, அவர் முதுகுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன். மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் முகத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பில்லை.

தையல் சாமான் கடை பஜாரில் இருந்தது. நூல், பட்டன், லைனிங் துணி, லேஸ் எல்லாம் அங்கேதான் வாங்குவேன். கடைக்காரர் ஐம்பது வயதைத் தாண்டியவர், சிடுசிடுப்பானவர், ஆனால் சாமான் நன்றாக இருக்கும். அன்றைக்கு வாசலில் கயிறு கட்டி, பக்கத்தில் சோப்புத் தண்ணீர் வாளி வைத்திருந்தார். மாஸ்க் இல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார். நான்கைந்து பேர் தள்ளித் தள்ளி நின்றார்கள். என் முறை வந்தது.

"மாஸ்க் எங்கம்மா?"

"போட முடியாதுங்க. கன்னத்துல நரம்பு வலி. டாக்டர் சீட்டு வச்சிருக்கறேன்."

வேலூர் டாக்டரின் சீட்டை நீட்டினேன். அவர் அதைத் தொடவில்லை.

"சீட்ட வச்சிக்கினு நான் இன்னா பண்றது? ரோட்டுல ஜீப்புல போறவன் உன் மூஞ்சத்தான் பாப்பான், சீட்டயா பாப்பான்? பக்கத்துக் கடைக்குப் பூட்டு போட்டுட்டுப் போய்ட்டாங்க, தெரியுமா?"

"துணி பட்டாலே உயிர் போவுதுங்க. போட்டுக்கக் கூடாதுன்னு இல்ல."

எனக்குப் பின்னால் நின்ற பெண், என் கையிலிருந்த பையைப் பார்த்தாள். எலாஸ்டிக் அளவு பார்ப்பதற்காக நான் தைத்த மாஸ்க்குகளில் கொஞ்சம் எடுத்து வந்திருந்தேன்.

"பையில இருக்கறது இன்னா?"

"மாஸ்க்குதான். நான் தச்சது."

"ஊருக்கெல்லாம் தச்சிட்டு நீ போடாம வந்து நிக்கிறியா?"

அவள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அங்கே முழுதாகத் தெரிந்த முகம் என்னுடையது மட்டும்தான். அதனால் விளக்க வேண்டியதாயிற்று. எந்தப் பக்கம், எப்படி வெட்டும், எதைத் தொட்டால் வரும், எத்தனை காலமாக இருக்கிறது என்று, என் ஊரில் சொல்லாததையெல்லாம் பஜாரில் நின்று சத்தமாகச் சொன்னேன். கடைக்காரர் கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்தே ஒவ்வொரு எலாஸ்டிக்காகத் தூக்கிக் காட்டினார். கடைசியில் சரியானதை ஒரு பையில் போட்டு வாசலில் வைத்தார்.

அடுத்த முறை போனபோது, நான் கடையை நெருங்குவதற்குள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"யம்மா, நீ வந்து சொன்ன நாள்லேந்து இந்த ஊருல எல்லாருக்கும் கன்னம் வலிக்குது. அன்னிக்கு வரிசையில நின்ன ஒருத்தன் மறுநாளு வந்து எனக்கும் நரம்புன்றான். எந்தப் பக்கம்டான்னா ரெண்டு பக்கமும்ன்றான். இனிமே மாஸ்க் இல்லாம யாருக்கும் கெடையாது. உனக்கு வோணும்னா சந்துல போய் நில்லு. கூட்டம் போனதும் நானே கொண்டாந்து தர்றேன்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. கடைக்குப் பக்கத்தில் ஒரு குறுகிய சந்து, ஓரத்தில் சாக்கடை. அங்கே போய் நின்றேன். அவர் சொன்னபடியே கொண்டுவந்து, கொஞ்சம் தள்ளி ஒரு கல்லின்மேல் வைத்துவிட்டுப் போனார்.

திரும்பும்போது என் கணவர் வழி நெடுக முணுமுணுத்துக்கொண்டு வந்தார். பாதி மலையில் வண்டியை நிறுத்திவிட்டார்.

"எங்க அப்பா காலத்துல புளி கொண்டுபோனா மண்டிக்கு வெளியவே நிக்க வச்சி எட போட்டு அனுப்புவாங்க. மலக்காரன் உள்ள வரக் கூடாது. இப்ப உன்ன சந்துல நிக்க வக்கிறான்."

"இது வேறங்க. மாஸ்க் இல்லன்னுதான்."

"வேறன்னு அவன் சொன்னானா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கடைக்காரர் அந்த எண்ணத்தில் செய்யவில்லை என்றும் தோன்றியது. இரண்டையும் ஒரே நேரத்தில் எப்படி நினைப்பது என்று தெரியாமல், வண்டியை எடுக்கச் சொன்னேன்.

ஊர் எல்லையில் மூங்கில் கழியைக் குறுக்கே கட்டியிருந்தார்கள். கீழே ஒரு சாவு விழுந்த செய்தி வந்ததிலிருந்து எங்கள் ஊருக்கும் பயம் பிடித்துவிட்டது. கழிக்கு அருகில் நின்றவன் என் கணவருடைய அண்ணன் மகன். நான் தைத்த மாஸ்க்கைத்தான் போட்டிருந்தான்.

"சின்னம்மா, கீழ போய்ட்டு வர்றவங்க மாஸ்க் போட்டுக்கினு அப்படியே கொல்லைக்குப் போயிடணுமாம். ஊருல முடிவு பண்ணிட்டாங்க."

"எனக்குத்தான் போட முடியாதே."

"அப்ப ஊருக்குள்ளயே வரக் கூடாது சின்னம்மா. கோவிச்சுக்காதீங்க."

என் கணவர் கத்தினார். அவன் தலையைக் குனிந்துகொண்டு கழியை மட்டும் நகர்த்தவில்லை. வயல் வழியாகச் சுற்றிப் போய் எங்கள் கொல்லையில் இருந்த காவல் குடிசையில் இரண்டு பேரும் சில நாள் தங்கினோம். சாப்பாட்டை அவன்தான் கொண்டுவந்து தூரத்தில் வைத்துவிட்டுக் கூப்பிடுவான். அந்த நாட்களில் கடைக்காரரின் கயிற்றைப் பற்றி எனக்கிருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது. அவர் நல்லவர் என்று புரிந்ததால் அல்ல. என் சொந்தக்காரர்களே அதைத்தான் செய்தார்கள் என்பதால்.

தைக்கிற வேலை நிற்கவில்லை, அதனால் சந்தில் நிற்பதும் நிற்கவில்லை. ஒருநாள் அப்படி நின்றபோது மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"யம்மா, மலையிலேந்து வர்றவ நீதானா? கன்னம் வலின்னு சொன்னவ?"

அண்ணாந்து பார்த்தேன். கடைக்கு மேலேயே கடைக்காரரின் வீடு. மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவளாக இருப்பாள். அவள் முகத்திலும் மாஸ்க் இல்லை.

"ஆமாக்கா."

"எப்பிடி வலிக்கும்?"

அதுவரை எல்லாரும் நிஜமாகவே வலிக்குமா என்றுதான் கேட்டிருந்தார்கள். எப்படி வலிக்கும் என்று கேட்டவள் அவள்தான். சொன்னேன். நடுவில் மறுத்துப் பேசாமல் கேட்டுக்கொண்டாள்.

"எனக்கு நெஞ்சும்மா. நுரையீரல் சுருங்கிப்போச்சின்னு சொல்றாங்க. பேசினாலே மூச்சு வாங்கும். மாஸ்க் போட்டா யாரோ தலகாணிய வச்சி அமுக்கற மாரி இருக்குது. அதான் அவரு என்னக் கீழ எறங்கவே வுடறதில்ல. எனக்கு வந்தா பொழைக்க மாட்டேன்னு டாக்டர் சொல்லிட்டாராம்." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினாள். "அவரு உன்னத் திட்டினாரா?"

"திட்டலக்கா. சந்துல நிக்கச் சொன்னாரு."

"அது எனக்காகத்தான். கடையில எவனாவது இருமிட்டுப் போனா அன்னிக்கு முழுக்க அவரு மேல வரவே மாட்டாரு. வாசப்படியிலயே நின்னு சோத்த வாங்கிக்கினு போய்டுவாரு."

இதைக் கேட்டதும் எனக்கு மனம் இளகியது என்று எழுதினால் அது பொய். அவர்மேல் மிச்சமிருந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் போனது, அவ்வளவுதான். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் அவள் மாடியிலும் நான் சந்திலுமாகப் பேசினோம். அவளுக்கு மலையைப் பற்றிக் கேட்கப் பிடிக்கும். நெல்லிக்காய் காய்த்துவிட்டதா, மழை பெய்ததா என்பாள். எனக்குப் பஜார் செய்தி சொல்வாள். மேலேயிருந்து பார்த்தால் ஊரில் யார் யார் கழுத்தில் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு திரிகிறார்கள், ஜீப்பைக் கண்டதும் யார் மூக்குக்கு ஏற்றுகிறார்கள் என்பதெல்லாம் தெரியும் என்று சிரிப்பாள். சிரித்தால் இருமல் வரும், உள்ளே போய்விடுவாள்.

கன்னத்தில் படாமல் ஒரு மாஸ்க் தைத்தால் என்ன என்ற யோசனை எனக்கு எப்போது வந்தது என்று நினைவில்லை. மூங்கிலைப் பிளந்து மெல்லிய சிம்புகளாகச் சீவி வளையம் கட்டினேன். ஒரு வளையம் தலையில் உட்காரும், அடியில் பஞ்சு வைத்துத் தைத்தேன். அதைவிடப் பெரிய வளையம் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி நிற்கும். பெரிய வளையத்திலிருந்து துணியைத் திரைபோல் கழுத்துவரை தொங்கவிட்டேன். கண்ணுக்கு நேரே, ரெடிமேட் சட்டை வருகிற டப்பாவின் பிளாஸ்டிக்கை வெட்டி ஜன்னல் வைத்தேன். முதலில் செய்தது முன்பக்கம் கவிழ்ந்தது. அடுத்ததில் துணி கனமாகி வளையம் கோணியது. பழைய வேட்டித் துணியைப் போட்டதும் நின்றது.

என் கணவர் பார்த்துவிட்டு, "தேன் அறுக்கப் போறியா?" என்றார்.

வண்டியில் அதைப் போட்டுக்கொண்டு போக முடியாது, காற்றில் துணி கன்னத்தில் அடிக்கும். மடியில் வைத்துக்கொண்டு போய், கடைக்குப் பக்கத்தில் இறங்கித் தலையில் மாட்டினேன். தெருவே திரும்பிப் பார்த்தது. கடைக்காரரும் பார்த்தார். பிறகு கயிற்றை அவிழ்த்தார்.

"உள்ள வா."

உள்ளே போய், எலாஸ்டிக்கை என் கையாலேயே இழுத்துப் பார்த்து வாங்கினேன். கிளம்பும்போது அவர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார்.

"மேல இருக்கறவளுக்கும் இதே மாரி ஒண்ணு செஞ்சித் தருவியா? துணி இன்னும் மெல்லிசா இருந்தா மூச்சு விடலாமில்ல?"

அவளுக்கு அவர் கடையிலிருந்தே மெல்லிய மல் துணி கொடுத்தார். வளையத்தை இன்னும் பெரிதாக்கி, கீழே தளர்வாக விட்டுச் செய்துகொடுத்தேன். மத்தியானம் கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் அதைப் போட்டுக்கொண்டு அவள் இறங்கி வந்து, உள்கதவுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார ஆரம்பித்தாள். ஒருநாள் சுகாதார ஆய்வாளர் ஒருவர் வந்து எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "இது இன்னாங்க?" என்று கேட்டார். கடைக்காரர் விளக்கினார். ஆய்வாளர் சுற்றிவந்து பார்த்தார். "மூக்கு, வாய் மறையுது. சரி, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தத் திரை நோயைத் தடுத்ததா என்று எனக்குத் தெரியாது. கேள்விகளைத் தடுத்தது. அதற்குப் பிறகு எந்தக் கடையிலும் என் நோயை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. தலையில் இருப்பதைப் பார்த்து, ஏதோ காரணம் இருக்கிறது என்று அவர்களே முடிவுசெய்து கொண்டார்கள்.

அடுத்த வருடம் கொரோனா மறுபடி ஏறியபோது மலைக்கு வண்டிகள் நின்றுபோயின. நான் கீழே போகவில்லை. ஊரிலேயே சிலருக்குக் காய்ச்சல் வந்து போனது. அடங்கிய பிறகு பஸ் ஓட ஆரம்பித்ததும் ஒடுகத்தூர் போனேன். கடை ஷட்டர் இறங்கியிருந்தது. எதிரே டீக்கடைக்காரரிடம் கேட்டேன். "அவரு தவறிட்டாரும்மா. வேலூருக்குக் கொண்டு போனாங்க, திரும்பி வரல" என்றார்.

சந்துக்குப் போனேன். கூப்பிடத் தயங்கி நின்றேன். அவளே சுவரோரம் வந்து நின்றாள். மிகவும் மெலிந்திருந்தாள்.

"உங்களுக்கு வரலியாக்கா?" என்றுதான் என் வாயில் வந்தது.

"இல்ல. எனக்கு வரல." பிறகு சொன்னாள். "ரெண்டு மாஸ்க் போட்டுக்குவாரு. ஒண்ணு மேல ஒண்ணு. அப்படியும் அவருக்குத்தான் வந்துது. வாசப்படியில நின்னு, காய்ச்சலா இருக்குது, நான் போய்ட்டு வர்றேன்னு சொன்னாரு. மாஸ்க்கோடவே வண்டியில ஏறினாரு. ஒரு வருசத்துக்கு மேல ஆச்சிம்மா, அவரு மூஞ்ச முழுசா பாத்து."

சாமான் எதுவும் வாங்காமல் பஸ் ஏறினேன். பஸ்ஸில் நடத்துநர் மாஸ்க் எங்கே என்று கேட்டார். மடியிலிருந்த திரையைத் தூக்கிக் காட்டினேன். அவர் புரியாமல் தலையாட்டிவிட்டு டிக்கெட் கிழித்தார்.

சில மாதம் கழித்து அவளுடைய மகள் வந்து கடையைத் திறந்தாள். மாஸ்க் கட்டாயம் என்பது மெல்ல மெல்ல இல்லாமல் போனது. எந்த நாளில் போனது என்று யாருக்கும் தெரியவில்லை. நான் வேலூரில் கன்னத்து நரம்புக்கு ஊசி போட்டுக்கொண்டேன். வலி நின்றுவிட்டது. பதிலுக்கு அந்தப் பக்கம் மரத்துப்போய்விட்டது, சோறு ஒட்டியிருந்தாலும் எனக்குத் தெரிவதில்லை.

ஊசி போட்ட பிறகு கடைக்குப் போனபோது அதை அவளிடம் சொன்னேன். அவள் ஸ்டூலிலிருந்து எழுந்து வந்து, கேட்காமலே உள்ளங்கையை என் வலது கன்னத்தில் வைத்தாள்.

"வலிக்குதா?"

"இல்லக்கா. உங்க கை வச்சிருக்கறதே தெரியல. பாக்கறதாலதான் தெரியுது."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். ஒரு வாடிக்கையாளர் லேஸ் கேட்டார், மகள் எடுத்துக் காட்டினாள்.

வலி திரும்பி வரலாம், வந்தால் மறுபடி ஊசி போடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இதுவரை வரவில்லை. அக்காவுக்கு இப்போது வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வைத்திருக்கிறார்கள். சாயங்காலங்களில் எனக்குப் போன் செய்வாள். மகள் வாங்கிப் போடும் லேஸ் ஒன்றும் நன்றாக இல்லை, நிறம் எல்லாம் அடிக்கிற மாதிரி இருக்கிறது, நீ வந்து அவளுக்கு எடுத்துச் சொல்லு என்பாள். வர்றேன்க்கா என்று சொல்வேன்.